ஸ்டோர் என்று எழுதிய அறை

வவுனியாவில் தொடர்மாடி வீடு என்றால் இன்றைக்கும் சிரிக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். "காணிக்கு என்ன பஞ்சமோ? ஒருத்தற்ற தலைக்கு மேல ஒருத்தர் குடியிருக்க நாங்கள் என்ன புறாவோ?" என்று கேட்பார்கள். கேட்டவர்களே பிறகு ஒரு நாள் பஸ் நிலையத்தில் என்னை மறித்து, "மூண்டாம் மாடியில ஏதும் மிச்சம் கிடக்கோ?" என்று குரலைத் தாழ்த்தி விசாரிப்பார்கள். பிள்ளைகள் வெளிநாட்டில். முற்றம் கூட்ட ஆளில்லை. ஆஸ்பத்திரி கிட்ட இருக்க வேண்டும். எல்லாக் கதையும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்கும்.

நான் அந்த வீடுகளின் உள்பக்கத்தைக் கீறுகிறவள். குசினி அலுமாரி எந்தச் சுவரில், ஹோலில் கதிரைகள் எந்தப் பக்கம் பார்த்து, கட்டிலில் இருந்து எழும்பினால் கால் எங்கே வைக்கலாம், எல்லாம் என் கையில். 'உள்ளக வடிவமைப்பாளர்' என்று அட்டை அடித்து வைத்திருக்கிறேன். ஊரில் ஒருத்தரும் அப்படிச் சொல்வதில்லை. "பிளான் கீறுற பிள்ளை" என்பார்கள். நாற்பதை எட்டப்போகிறேன், இன்னும் பிள்ளைதான்.

ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் எழும்பிய ஐந்து மாடிக் கட்டடம்தான் எனக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை. அதன் முதலாளி கிளிநொச்சிப் பக்கம் றோட்டுப் போட்டு, குளக்கட்டுத் திருத்தி முன்னுக்கு வந்தவர். அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். நல்ல மனிதர். ஒரே ஒரு வருத்தம், கொழும்பில் எதைப் பார்த்தாலும் அது தன் கட்டடத்திலும் இருக்க வேண்டும் அவருக்கு. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போடப் போகிறேன் என்று நின்றார். வவுனியா வெயிலில் கண்ணாடிச் சுவர்! "அண்ணை, இது வீடோ, கருவாடு காயப்போடுற தட்டோ?" என்று கேட்டேன். முகம் கறுத்துவிட்டது. ஆனால் கண்ணாடியைப் பாதியாகக் குறைத்து, மேலே வெயில் மறைப்பும் வைத்தார்.

அடுத்தது கதவில்லாத குசினி. ஹோலில் இருந்து பார்த்தால் அடுப்பு தெரிய வேண்டுமாம், அதுதான் இப்போது ஸ்டைலாம். மிளகாய் வறுக்கிற அன்றைக்கு வீட்டுக்கு வந்த ஆட்கள் எல்லோரும் இருமிக்கொண்டு ஓடட்டும், அப்போது தெரியும் ஸ்டைல் என்றேன். அதற்கும் தள்ளுகதவு ஒன்று வந்தது. இப்படி இரண்டு மூன்று தரம் வென்ற பிறகு மேசன்மார் எனக்கு வாய்க்காரி என்று பெயர் வைத்துவிட்டார்கள். வைக்கட்டும். அந்தப் பெயர் எனக்குப் பொருந்தித்தான் இருக்கிறது.

இந்தக் கதை வேறு ஒரு அறையைப் பற்றியது. கட்டடத்தின் பிளான் கொழும்பில் ஒருவர் கீறி அனுப்பியது. அதில் ஒவ்வொரு வீட்டிலும் குசினிக்குப் பின்னால், நாலு பக்கமும் சுவரால் மூடிய ஒரு பெட்டி. யன்னல் இல்லை. மேலே ஒரு காற்றுத் துவாரம்கூட இல்லை. 'ஸ்டோர்' என்று எழுதியிருந்தது. சரி, அரிசி மூட்டை, பழைய சாமான், உரித்த தேங்காய் வைக்கிற இடம் என்று நினைத்தேன். பிளானைக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தபோது அந்தப் பெட்டிக்குள் மெல்லிய கோட்டில் ஒரு கட்டில் கீறியிருந்தது. தலையணைகூட இருந்தது. அரிசி மூட்டைக்கு யாராவது தலையணை வைப்பார்களா?

முதலாளியிடம் கேட்டேன். அவருக்கு அது ஒரு கேள்வியாகவே படவில்லை. "அது வீட்டு வேலைக்கு வாற ஆள் படுக்கிறதுக்கு, தங்கச்சி. ஆள் படுக்கிற அறை எண்டு எழுதினால் நகரசபைக்கு யன்னல் காட்ட வேணும். ஸ்டோர் எண்டு எழுதினால் ஒருத்தரும் கேட்க மாட்டினம். எல்லா இடமும் இப்பிடித்தான்."

எல்லா இடமும் இப்படித்தான். அது எனக்குத் தெரியாதா? எனக்கு நன்றாகவே தெரியும். என் அம்மா அப்படி ஒரு ஸ்டோரில் இருந்தவள்.

நாங்கள் மலைநாட்டில் இருந்து வந்த குடும்பம். கலவரத்தில் அடிபட்டு, தோட்டத்து லயத்து வீட்டை விட்டு ஓடிவந்து, ஓமந்தைக்கு உள்ளே காடு வெட்டிக் கச்சான் கடலை போட்டுப் பிழைத்த ஆட்கள். நான் பிறந்தது வன்னியில். அம்மா பிறந்தது தேயிலைத் தோட்டத்தில். அவள் பாவாடை சட்டை போட்டிருந்த வயதில் கொழும்பில் ஒரு தொடர்மாடி வீட்டுக்கு வேலைக்கு அனுப்பினார்கள். கூட்டிப்போன ஆள் சொன்னாராம், "ஒனக்கு ஒரு கொறையும் இல்ல, அங்க ஸ்டோர்லயே படுத்துக்கலாம்" என்று. அம்மாவுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லையாம். ஏனென்றால் தோட்டத்து ஆட்களுக்கு ஸ்டோர் என்றால் ஒன்றே ஒன்றுதான், தேயிலை ஃபக்டரி. கொழுந்து கொண்டுபோய்ப் போடுகிற இடம். மலைக்கு மேலே மாடி மாடியாக நிற்கும், எந்தப் பக்கம் பார்த்தாலும் யன்னல், கொழுந்து வாட வேண்டுமே, காற்றுக்குப் பஞ்சமே இல்லாத கட்டடம். அந்தத் தோட்டத்திலேயே பெரிய வீடு அதுதான். கொழும்பு வீட்டுக்காரர்கள் தங்களுக்கென்று தனியாக ஒரு ஸ்டோர் கட்டி வைத்திருக்கிறார்கள், அதிலே தன்னைப் படுக்க விடப் போகிறார்கள் என்று தோழிமாரிடம் எல்லாம் பெருமையடித்துவிட்டுப் போனாளாம்.

அம்மா இதைச் சொல்லிச் சிரிப்பாள். நாங்களும் வயிறு வலிக்கச் சிரிப்போம். எங்கள் வீட்டில் இருட்டான இடத்துக்கெல்லாம் ஸ்டோர் என்றுதான் பெயர். அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டு அந்தச் சொல்லை நான் எத்தனையோ பிளானில் பார்த்துத் தாண்டிப் போயிருக்கிறேன். தலையணை கீறிய ஸ்டோரைக் கண்டதும் சிரிப்பு வரவில்லை. எனக்கு வந்ததே கோபம், பிளானைச் சுருட்டித் தூக்கி எறிந்திருப்பேன், கணினியாகப் போய்விட்டது.

மூன்றாம் மாடியில் முதல் வீட்டை வாங்கியவர் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர், ஒரு அம்மையார். ஊரே அவவை ரீச்சர் என்று சொல்லும். பிள்ளைகள் லண்டனில். அவவுக்குத் தொய்வு, மாரி தொடங்கினால் மூச்சு விசில் அடிக்கும், அதனால்தான் ஆஸ்பத்திரிக்குக் கிட்ட வருகிறா. ரீச்சரின் வீட்டைத்தான் முதலில் முடிக்க வேண்டும், மற்ற மாடிகள் எல்லாம் அதைப் பார்த்து அதே மாதிரி வரும் என்று முதலாளி முடிவு செய்திருந்தார். ஆக அந்தப் பெட்டிக்கு அந்த வீட்டில் யன்னல் வராவிட்டால், வேறு எந்த வீட்டிலும் வராது.

ரீச்சர் வீடு பார்க்க வந்த அன்று நான் வாயைத் திறந்தேன். "ரீச்சர், வேலைக்கு வாறவா எங்க படுக்கிறது?"

"உந்த ஸ்டோருக்குள்ளதான். ஒரு கட்டில் தாராளமாப் பிடிக்கும். ஃபேன் ஒண்டு போட்டுவிடுவம். நான் ஆக்களை வீட்டுப் பிள்ளை மாதிரித்தான் வச்சிருக்கிறனான்."

"அப்ப லண்டனில இருந்து மகள் வந்தால் இதுக்குள்ளயோ படுக்க விடுவியள்?"

முதலாளி தொண்டையைச் செருமினார். ரீச்சர் கோபிக்கவில்லை. வகுப்பில் விளங்காத பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பது போலச் சொன்னா: "அது வேற கதை, பிள்ளை. ஓமந்தைப் பக்கம் ஒரு மனிசி சொல்லி வச்சிருக்கிறன். மலைநாட்டு ஆக்கள். அவையள் சின்ன இடத்தில இருந்து பழகினவையள். இது அவைக்குக் காணும்."

"நானும் மலைநாட்டுப் பிள்ளைதான், ரீச்சர்."

"சும்மா சொல்லாதையும். உம்மைப் பாத்தால் அப்பிடித் தெரியேல்லை."

அவ அதை ஒரு பாராட்டாகத்தான் சொன்னா. அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது. "எப்பிடித் தெரிய வேணும்? முதுகில கூடையைக் கட்டிக்கொண்டு வரவோ?" என்றேன். என் குரல் வெறும் சுவர்களில் பட்டுத் திரும்பி வந்தது. பக்கத்து அறையில் டைல்ஸ் வெட்டிக்கொண்டிருந்தவர் மெசினை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தார்.

எனக்கு வழியும் இருந்தது, வெறும் வாய் மட்டும் இல்லை. ஸ்டோருக்குப் பக்கத்திலேயே சாமியறை. வெளிச்சுவரோடு, கிழக்குப் பார்த்த நல்ல பெரிய யன்னலோடு. இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு. "சாமியை உள்ளுக்கு வைப்பம், வேலைக்கு வாறவாவை வெளிப்பக்க அறையில படுக்க விடுவம். ஒரு சுவரும் உடைக்கத் தேவையில்லை" என்றேன்.

ரீச்சர் நெஞ்சில் கை வைத்தா. "சாமியைக் கொண்டுபோய் இருட்டுக்குள்ளயோ? சாமிக்குக் காத்து வெளிச்சம் வேண்டாமோ?"

"சாமி மூச்சு விடுறேல்லை, ரீச்சர். அந்த மனிசி விடுவா. கோயில்ல மூலஸ்தானத்துக்கு எங்க யன்னல் இருக்கு?"

 பதில் இல்லாதபோது படித்தவர்கள் செய்கிறதையே அவவும் செய்தா. கைப்பையை எடுத்துக்கொண்டு, "வெள்ளிக்கிழமை வாறன். அதுக்கிடையில ஒரு முடிவுக்கு வாங்கோ" என்று முதலாளியிடம் சொல்லிவிட்டுப் படி இறங்கிப் போய்விட்டா.

முதலாளி என்னிடம் சத்தம் போடவில்லை. அவர் சத்தம் போடாவிட்டால்தான் பயப்பட வேண்டும். "தங்கச்சி, வெள்ளிக்கிழமை ஸ்டோர் ஸ்டோராவே இருக்கிற பிளானைக் கொண்டு வாரும். இல்லாட்டில் யாழ்ப்பாணத்தில கீறுறதுக்கு ஆள் இருக்கு, நான் கூப்பிடுறன். உமக்கு வாய் கூடிப் போச்சு" என்றார்.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். அந்த வேலை போனால் என் பெயரும் சேர்ந்து போகும், இந்த ஊரில் பெரிய கட்டடத்துக்கு இனி ஒருத்தரும் என்னைக் கூப்பிட மாட்டார்கள். அதைவிட, வேறு ஒருவன் வந்து பேசாமல் கீறிக் கொடுத்துவிட்டுப் போவான், ஐந்து மாடியிலும் அந்தப் பெட்டிகள் அப்படியே நிற்கும். ஓமந்தையில் இருந்து வருகிற அந்தப் பெண், யாரோ, எங்கள் ஆள், அதற்குள் கிடந்து வேகுவாள். அம்மா கச்சான் உடைத்துக்கொண்டே கேட்டாள். "விட்டுடு" என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். சொன்னால் அவளோடும் சண்டை பிடிக்கத் தயாராக இருந்தேன்.

"வெள்ளிக்கெழம நானும் வாரேன்" என்றாள்.

வன்னியில் இத்தனை காலம் இருந்தும், கோபம் வந்தால் அம்மாவுக்குத் தோட்டத்துத் தமிழ் வந்துவிடும். அதனால் கோபமாக இருக்கிறாள் என்று விளங்கியது. யார்மேல் என்பது விளங்கவில்லை.

வெள்ளிக்கிழமை அம்மா நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்தாள். லிஃப்ட் இன்னும் பொருத்தவில்லை, மூன்று மாடியும் நின்று நின்று ஏறினாள். ஹோலுக்குள் வந்ததும் டைல்ஸைப் பார்த்துவிட்டு, "என்னா புள்ள, மொகம் தெரியுது! இதுல நடக்கவா, தல சீவவா?" என்றாள். குசினி அலுமாரிகளைத் திறந்து திறந்து மூடினாள். தள்ளுகதவை இழுத்துப் பார்த்து, "இது நல்லாருக்கு" என்றாள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பிறகு குசினிக்குப் பின்னால் போனாள். ஸ்டோருக்குக் கதவு ஏற்கனவே பொருத்தியாகிவிட்டது. உள்ளே போய்ச் சீமெந்துத் தரையில் சேலையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து முதலாளியும் ரீச்சரும் வந்தார்கள். "இது ஆர்?" என்று ரீச்சர் கேட்டா.

"என்ர அம்மா. கொழும்பில பிளாட்டில வேலைக்கு நிண்டவா. ஸ்டோரிலதான் படுத்தவா" என்றேன். சுற்றி வளைக்கவில்லை.

ரீச்சர் ஒரு நிமிடம் என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தா. பிறகு மரியாதையாகத்தான் சொன்னா, "அம்மா, தரையில இருக்காதேங்கோ, குளிரும். வெளியில வாங்கோ."

"குளிராதுங்க. நீங்க உள்ள வாங்க. வந்து பாருங்க, குளிருதான்னு."

பள்ளிக்கூடம் நடத்தின மனுசி, ஒரு சவாலைக் கண்டு பின்வாங்குவாவா? உள்ளே போனா. அம்மா எட்டிக் கதவைத் தள்ளிச் சாத்திவிட்டாள். வெளியே நானும் முதலாளியும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் நின்றோம். உள்ளே இருந்து அம்மாவின் குரல் மட்டும் கேட்டது. "ஃபேன் இருக்குன்னு வைங்க. கரண்டு போச்சுன்னு வைங்க. அப்ப?" ரீச்சர் ஏதோ சொன்னா. பிறகு கையால் சுவரையோ கதவையோ தடவுகிற சத்தம் வந்தது. அதற்குப் பிறகு அந்த விசில். ரீச்சரின் மூச்சு.

நான் பாய்ந்து கதவைத் திறந்தேன். ரீச்சர் நெற்றியெல்லாம் வியர்த்து வெளியே வந்தா. கைப்பையில் இருந்து இழுக்கிற மருந்தை எடுத்து இரண்டு தரம் இழுத்துவிட்டு, பல்கனிப் பக்கம் போய் நின்றா. முதலாளி பதறிப்போய்த் தண்ணீர்ப் போத்தலோடு பின்னால் ஓடினார். அவ கையை உயர்த்தி அவரை நிற்க வைத்தா.

மூச்சு வந்ததும் என்னைக் கூப்பிட்டா. "சாமியை அந்த ஸ்டோருக்குள்ள வையும். கர்ப்பூரப் புகை இழுக்கிறதுக்கு மட்டும் ஒரு ஃபேன் போட்டுத் தாரும்."

"ரீச்சர், அப்ப மற்ற மாடியளும்..." என்று முதலாளி தொடங்கினார்.

"மற்ற மாடியளும் இப்பிடித்தான். நீர் சும்மா இரும்" என்றா ரீச்சர். அந்தக் குரலுக்கு எத்தனை வகுப்புகள் அடங்கியிருக்கும்! அவர் அடங்கினார்.

எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போல இருந்தது. வென்றாகிவிட்டது. யன்னல் வந்துவிட்டது. அம்மாவைக் கட்டிப்பிடிக்கத் திரும்பினேன். அம்மா இன்னும் ஸ்டோர்க் கதவடியில் நின்றுகொண்டிருந்தாள். கதவின் உள்பக்கத்தை உள்ளங்கையால் மேலிருந்து கீழே தடவிக்கொண்டிருந்தாள்.

"தாழ்ப்பா எங்க புள்ள?"

"அது ஸ்டோர்க் கதவம்மா. தாழ்ப்பாள் வெளிப்பக்கம்தான் வரும்."

"யன்னல் ரூமுக்கு?"

 கொழும்பிலிருந்து வந்த பிளானில் கதவு எப்படி இருந்ததோ அப்படியே தச்சுவேலை ஓடாவியிடம் கொடுத்திருந்தேன். யன்னல் யன்னல் என்று கத்தினேனே தவிர, கதவை நான் பார்க்கவே இல்லை. முதலாளிதான் பதில் சொன்னார். "இதே கதவைத்தானம்மா கழட்டி அங்க போடப் போறம். உள்ளுக்கு என்னத்துக்குத் தாழ்ப்பாள்? வாசல் கதவுக்கு நல்ல பெரிய பூட்டு இருக்கு. கள்ளன் என்ன, வீட்டுக்குள்ளயோ இருக்கப் போறான்?" என்று சொல்லிச் சிரித்தார்.

"வேற எங்கங்க இருப்பான்?" என்றாள் அம்மா.

அவருடைய சிரிப்பு பாதியில் நின்றது. ரீச்சர் பல்கனியில் இருந்து திரும்பிப் பார்த்தா. அம்மா ஒருவரையும் பார்க்கவில்லை. கதவைத்தான் பார்த்துச் சொன்னாள். "அந்த பிளாட்ல நான் ஒரு ராவும் காலு நீட்டிப் படுக்கலைங்க. கதவுல முதுக வச்சி, உக்காந்துகிட்டேதான் தூங்கினேன்."

அம்மா இதை எங்களுக்கு ஒருநாளும் சொன்னதில்லை. சிரிக்கிற இடத்தோடு நிறுத்திக்கொள்வாள். எனக்கு அழுகை வந்தது. அழுதிருப்பேன், ஆனால் அதைவிடக் கோபம் பெரிதாக இருந்தது. எந்த முகம் என்று தெரியாத, இப்போது உயிரோடு இருக்கிறானோ இல்லையோ என்றும் தெரியாத ஒருவன்மேல். அந்தக் கதவைக் கீறினவர்மேல். அதைப் பார்த்துப் படியெடுத்த என் கைமேல்.

ரீச்சர்தான் முதலில் பேசினா. "பிள்ளை, நல்ல மொத்தமான தாழ்ப்பாளாப் பாத்து வாங்கும்."

நான் படியிறங்கி எதிரே இருந்த ஹாட்வெயார் கடைக்குப் போனேன். கடைக்காரர் மெல்லிய அலுமினியத்தில் ஒன்றை எடுத்துக் காட்டினார். "இது பாத்ரூமுக்கு. எனக்கு இரும்பில தாங்கோ, வீட்டு வாசல் கதவுக்குப் போடுறது" என்றேன். எல்லா மாடிக்கும் சேர்த்து வாங்கினேன். ஓடாவி சாப்பிடப் போயிருந்தார். அவருடைய டிரில்லை எடுத்து, ரீச்சர் வீட்டு ஸ்டோர்க் கதவின் உள்பக்கத்தில் நானே துளை போட்டு, நானே திருகினேன். முதலாளி பக்கத்தில் நின்று, "பிளானில இது இல்லையே, தங்கச்சி" என்றார்.

"இப்ப இருக்கு, அண்ணை."

கடைசித் திருகாணியும் இறுகியதும் அம்மா என்னை விலக்கிவிட்டு உள்ளே போனாள். கதவைச் சாத்தினாள். இரும்பு போய் விழுகிற சத்தம் கேட்டது.

"தள்ளிப் பாரு புள்ள."

தள்ளினேன். அசையவில்லை.

"ஒனக்குப் பலம் பத்தாது. அவர தள்ளச் சொல்லு."

முதலாளி நெளிந்தார். "அம்மா, நான் என்னத்துக்கு..."

"தள்ளுங்க!"

அவர் ரீச்சரைப் பார்த்தார். ரீச்சர் தலையசைத்தா. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, காலை ஊன்றி, தோளைக் கொடுத்துத் தள்ளினார். கதவு திறக்கவில்லை.